உதறினால் திறக்கும் கத்தி

ராபின்வேல்
பிப்ரவரி 9

கிளைவ்,

போனில் பேசினால் உன்னைத் திட்டிவிடுவேன். நீ அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அதோடு, நம் கத்திச் சங்கத்துக்கு வரும் கோரிக்கைகள் கையெழுத்திட்டுத் தபாலில்தான் வர வேண்டும் என்று விதி எழுதி வைத்த புண்ணியவானும் நீதானே.

என்னிடம் திராட்சை வெட்ட வருகிற லிசியாட்டேயைப் போலீஸ் பிடித்துவிட்டது. உனக்குத் தெரிந்த ஆள்தான். டோங்கா தீவுக்காரன். குனியாமல் என் சமையலறைக்குள் வர முடியாத உயரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடினால் என் கொட்டகை வரை கேட்கும்.

போன வாரம் நகரத்தில் அவன் அத்தை இறந்துபோனாள். அப்பாவின் அக்கா. அவர்கள் வழக்கப்படி அத்தை செத்தால் தம்பி பிள்ளைகள் முன்கூடத்தில் உட்காரக் கூடாது. கிழிந்த பாயை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பின்பக்கம் அடுப்படியில் நின்று, வந்த சனத்துக்கெல்லாம் பன்றி சுட்டுப் போட வேண்டும். பெட்டி பிரிக்க, கயிறு அறுக்கக் கத்தி வேண்டுமே என்று தன் மடக்குக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறியிருக்கிறான். ரயில் நிலைய வாசலில் சோதனை.

"கத்தி கித்தி வச்சிருக்கியா?"

"இருக்கு சார்." அவனேதான் எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

போலீஸ்காரர் கைப்பிடியைப் பிடித்து மணிக்கட்டை ஒரு உதறு உதறியிருக்கிறார். அலகு சட்டென்று திறந்துகொண்டது. "தம்பி, இது வேற சமாச்சாரம். பட்டன் அமுக்கினா தொறக்கற கத்தியும் இதுவும் சட்டத்துக்கு ஒண்ணுதான். தடை பண்ணின ஆயுதம்." அத்தையை மண்ணுக்குள் வைக்கும்போது இவன் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், இடுப்பில் பாயோடு.

மார்ச் இருபதாம் தேதி கோர்ட். குற்றம் என்று தீர்ப்பானால் விசா போய்விடும் என்கிறார் வக்கீல். அப்புறம் இந்த நாட்டுப் பக்கம் தலைவைக்க முடியாது. டோங்காவில் மூன்று பிள்ளைகள் இவன் கையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கை. சங்கம் இவன் வழக்கை எடுக்க வேண்டும். மே மாதம் சட்டமன்றக் குழு முன்னால் நாம் போய் நிற்கும்போது உன் பட்டன் கத்தி அனுமதிக் கதையை ஓரமாக வைத்துவிட்டு, உதறிப் பார்க்கிற இந்தச் சோதனையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ரோண்டா கெட்டில்வெல்

*

பெண்டிகோ
பிப்ரவரி 14

மர்ரே ஆற்றங்கரைக் கத்தி உடைமையாளர் சங்கத்தின் துணைத் தலைவி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. அந்த இளைஞருக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் சங்கம் தனிநபர் வழக்குகளில் தலையிடுவதில்லை. இது நம் நெடுநாள் நிலைப்பாடு.

நிலைமையைத் தாங்கள் உணர வேண்டும். கடைவீதிகளில் பெரிய வெட்டுக்கத்திகளோடு பையன்கள் ஓடிய காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நாடே நடுங்கிப் போயிருக்கிறது. இந்த நேரத்தில் சட்டமன்றக் குழு நம்மை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பதே பெரிய விஷயம். ஏன் கூப்பிடுகிறார்கள்? நாம் டை கட்டியவர்கள், நம் கத்திகள் வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருப்பவை என்பதால். பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் கத்தியைக் கண்டு யாரும் பயப்படுவதில்லை. அதனால்தான் சேகரிப்பாளர்களுக்கான பட்டன் கத்தி அனுமதியை எளிதாக்கக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சிறியதைக் கேட்டால் கிடைக்கும். பிறகு பெரியதைக் கேட்கலாம்.

ரயில் நிலையத்தில் பிடிபட்ட ஒருவரை நாம் தூக்கிக்கொண்டு போய் நிறுத்தினால் மறுநாள் பத்திரிகையில் என்ன வரும் என்று யோசித்துப் பாருங்கள். பிடிபட்டவன் நம் சங்கத்தின் முகமாக இருக்க முடியாது.

மற்றபடி, அவர் கத்தி ஏன் உதறினால் திறக்கிறது என்பதை அவரைத்தான் கேட்க வேண்டும். கடையில் விற்கும் கத்தி அப்படித் திறக்காது.

தங்கள் உண்மையுள்ள,
கிளைவ் ஸ்டானர்ட், தலைவர்

*

ராபின்வேல்
பிப்ரவரி 19

கிளைவ்,

"அவரைத்தான் கேட்க வேண்டும்." கை கூசவில்லையா உனக்கு இதை எழுத?

கேட்டேன். நானும் கேட்டேன், வக்கீல் எலேனியும் கேட்டாள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "கத்தி வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சா, லிசியாட்டே?" என்றதற்கு, "இல்ல பாஸ். ரொம்ப டைட்டா இருந்துச்சு. ரெண்டு கையாலதான் தொறப்பேன். எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு" என்றான். "அப்போ யார்டா லூஸ் பண்ணது?" அதற்குச் சொல்கிறான்: "பெரியவர் ஆசையா பண்ணிக் குடுத்தாரு பாஸ். அதைப் போய் நான் எப்படிப் போலீஸ்ல சொல்றது?"

பெரியவர் யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

அக்டோபரில் என் கொட்டகையில் நடந்த எண்ணெய் நாளை நினைத்துப் பார். வருஷா வருஷம் எல்லோரும் தங்கள் கத்திகளைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள். நீ மேசை போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவாய். உன் பழைய தொழிலில் பல்செட்டுக்கு மெருகு போட்ட அதே ரோஸ் பசையைப் போட்டு வாஷரைத் தேய்ப்பாய். திருகைக் கால் சுற்று தளர்த்துவாய். அலகு தன் கனத்திலேயே தொப்பென்று விழுந்து மூடும். கூட்டம் கைதட்டும். ஆம்பிளைகள் வேறு எதற்கும் அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

நான் வெளியே ஆட்டுக்கறி சுட்டுக்கொண்டிருந்தேன். எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் உன் குரல் கேட்டது. "என்னடா இது, துருப்பிடிச்ச கேட்டு மாதிரி இருக்கு! குடுடா இங்க. ஒரு கத்தியை இப்படியா வச்சிருப்பே? அசிங்கம்!" அவன் மெதுவாக, "பரவால்ல சார், இருக்கட்டும்" என்றதும் கேட்டது. அப்புறம் கைதட்டல்.

அன்றைக்குக் கைதட்டினவர்களுக்கெல்லாம் போன் பண்ணினேன். ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. ஏன் என்று யோசித்தேன். அப்புறம் என் சமையலறை டிராயரிலிருந்து நீ சரிபண்ணிக் கொடுத்த என் கத்தியை எடுத்து ஒரு உதறு உதறினேன். திறந்துகொண்டது. அட பாவி, சங்கத்தில் இருக்கிற அத்தனை பேர் பாக்கெட்டிலும் தடைசெய்யப்பட்ட ஆயுதம். எல்லாம் உன் கைவண்ணம்.

நான் சொன்னால் கோர்ட்டில் எடுபடாதாம். ஆளை வைத்து வேலை வாங்குகிறவள், கண்ணால் பார்க்காதவள். பண்ணினவன் சொல்ல வேண்டும். மார்ச் இருபது. வந்து சொல்.

உன் வெல்வெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெட்டியை விட்டு வெளியே வராத கத்திக்கு உரிமை எதற்கு? அதற்குத் தூசு தட்டத்தான் ஆள் வேண்டும். கயிறு அறுக்கிறவன், மீன் கழுவுகிறவன், மரத்துக்கு ஒட்டுப் போடுகிறவன், இவர்களுக்குத்தான் சங்கம். இவர்களிடம் போலீஸ் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கையில் இருக்கிற ஆள் என்ன செய்தான்? கத்தியைப் பார்க்காதே, கையைப் பார். இதை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு சட்டமன்றத்துக்கு வருகிறேன், நீ டை கட்டிக்கொண்டு வா.

ரோண்டா

*

பெண்டிகோ
பிப்ரவரி 26

ரோண்டா அவர்களுக்கு,

எண்ணெய் நாளில் எத்தனையோ கத்திகள் என் கைக்கு வருகின்றன. குறிப்பிட்ட ஒரு கத்தியைப் பற்றி எனக்கு எந்த ஞாபகமும் இல்லை.

தாங்கள் எழுதியதை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? அந்த வக்கீலிடம் என் பெயர் சொல்லப்பட்டதா? தயவுசெய்து தெரிவிக்கவும்.

சட்டத்தில் "வைத்திருத்தல்" ஒரு குற்றம், "மாற்றியமைத்தல்" வேறொரு குற்றம். இரண்டாவதைச் செய்தவருக்குச் சேகரிப்பாளர் அனுமதி ஒரு நாள் கூடத் தங்காது. என் வீட்டு முன்னறையைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். இருபத்தைந்து வயதிலிருந்து சேர்த்தது. என் மார்கரெட் இறந்த பிறகு அந்த அறையில் உட்காராமல் நான் ஒரு மாலையும் கழித்ததில்லை. ஒரு இளைஞனின் வாயடைத்த மரியாதைக்காக அதை நான் போலீஸ் வண்டியில் ஏற்ற வேண்டும் என்கிறீர்களா? அவனுக்கு வாய் இருக்கிறது. அவன் பேசட்டும்.

அட்டையில் எழுதிய வாசகம் பற்றி: டீ-ஷர்ட்டில் போட நன்றாக இருக்கும். சட்டம் டீ-ஷர்ட்டில் எழுதப்படுவதில்லை. கையில் இருப்பவன் என்ன செய்தான் என்று பார்க்க வேண்டுமானால் அவன் ஏதாவது செய்யும்வரை போலீஸ் காத்திருக்க வேண்டும். குத்துப்பட்டவனின் தாயிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். என் கோரிக்கை சின்னதுதான், ஆனால் யாருடைய பிணத்தின் மேலும் நின்றுகொண்டு கேட்கிற கோரிக்கை அல்ல.

இதே தொனியில் தாங்கள் தொடர்ந்து எழுதினால், துணைத் தலைவி பதவி குறித்து செயற்குழுவில் பேச வேண்டியிருக்கும்.

கி. ஸ்டானர்ட்

*

ராபின்வேல்
மார்ச் 3

கிளைவ்,

குத்துப்பட்டவன் தாய் என்று எழுதினாயே, அது எனக்கும் உறைத்தது. என் தங்கை மகள் அந்தக் கடைவீதியில்தான் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே ஒடுங்கி உட்கார்ந்திருந்தவள் அவள். வெட்டுக்கத்தியைத் தடை செய்ததற்கு நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியதில்லை, உனக்கே தெரியும். ஆனால் அந்தப் பையன்கள் யாரும் "இருக்கு சார்" என்று கத்தியை எடுத்து நீட்டவில்லையே கிளைவ்.

சரி, சண்டை போதும். உன் அறை உனக்குப் பெரிது. புரிகிறது.

நீ எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். எலேனிக்கு வேண்டியது ஒரு நிபுணர் மட்டும்தான். இந்த ரகக் கத்தி கடையிலிருந்து வரும்போது எப்படி இருக்கும், உதறினால் திறக்குமா திறக்காதா, அதை மட்டும் சொன்னால் போதும். இந்த மாநிலத்தில் உன்னைவிட்டால் அதைச் சொல்ல ஆள் கிடையாது. உன் பெயரை வேறு எந்த வகையிலும் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

உன்னால் முடியாது என்றால் ஜீலாங்கில் ஒருவர் இருக்கிறாராம், கத்திக் கண்காட்சியில் தீர்ப்பு சொல்கிறவர். அவரைக் கேட்கச் சொல்கிறேன்.

ரோண்டா

*

பெண்டிகோ
மார்ச் 6

ரோண்டா அவர்களுக்கு,

ஜீலாங் ஆளா? அவருக்கு எஃகுக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் தெரியாது. போன வருஷம் ஒரு துருக்கறையைப் பழைமையான மெருகு என்று பரிசு கொடுத்தவர் அவர்.

வருகிறேன். நிபுணராக மட்டும். கடையில் விற்கும் நிலையைப் பற்றி மட்டும் பேசுவேன். கோர்ட் ஆவணங்களில் என் பெயருக்குப் பக்கத்தில் "சாட்சி" என்று மட்டும் போடாமல் "நிபுணர்" என்று போடச் சொல்லவும். தாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கி. ஸ்டானர்ட்

*

பெண்டிகோ
மார்ச் 21

ரோண்டா,

நீ ஒரு பாம்பு.

நேற்று கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்தவன் இன்னும் சட்டை மாற்றவில்லை. உன் தோட்டத்தில் எத்தனை கோடை, எத்தனை எண்ணெய் நாள், உன் கையால் கறி சாப்பிட்டிருக்கிறேன். நீ எனக்கு இதைச் செய்வாயா?

நான் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். இந்த ரகம் கடையிலிருந்து இறுக்கமாக வரும், இரண்டு கையால் திறக்க வேண்டும் என்றேன். நீதிபதி தலையாட்டினார். அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் எலேனி, கத்தியை ஏதோ செத்த எலியைப் பிடிப்பது போல இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு வருகிறாள்.

"சார், இதை யாரோ நோண்டியிருக்காங்க இல்ல?"

"அப்படித்தான் தெரியுது."

"யாரோ அரைகுறை ஆளு. தெருமுனையில சாவி வெட்டறவன் வேலை மாதிரி இருக்கு. வாஷரெல்லாம் கோணல்மாணலா தேஞ்சு கெடக்கு பாருங்க."

நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். கடவுள் சாட்சியாக மூடிக்கொண்டுதான் நின்றேன். அந்தப் போலீஸ்காரர் வேறு பின்னால் சிரித்தார். அவள் விடவில்லை.

"கழட்டத் தெரியாம கழட்டி, பூட்டத் தெரியாம பூட்டியிருக்காங்க. முரட்டுக் கை. இல்லையா சார்?"

"முரட்டுக் கையா?" என்றேன். "கொஞ்சம் இப்படிக் கொடும்மா. வெளிச்சத்துல பாரு. இந்த விளிம்புல ரோஸ் நிறமா தெரியுதே, அது என்னன்னு தெரியுமா? பல்செட் பசை. நாற்பது வருஷம் ஜனங்க வாயில உறுத்தாம இருக்கணும்னு தேய்ச்ச கை இது. இந்த மாநிலத்துல இப்படி ஒரு வாஷரைத் தேய்க்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்!"

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மிஸ்டர் ஸ்டானர்ட், மேற்கொண்டு பேசறதுக்கு முன்னாடி நீங்களும் ஒரு வக்கீலைப் பார்த்துக்கறது நல்லது" என்றார்.

நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். முறைக்கவில்லை. மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அது இன்னும் மோசம். சிரித்தாயா? அதை மட்டும் சொல்.

கிளைவ்

*

ராபின்வேல்
மார்ச் 25

கிளைவ்,

சிரித்தேன். வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். தெருமுனையில் சாவி வெட்டுகிறவன் என்பது என் யோசனை. முரட்டுக் கை என்பது எலேனி தானாகச் சேர்த்தது. கெட்டிக்காரப் பெண்.

"நான்தான் பண்ணினேன் என்று ஒத்துக்கொள்" என்று எத்தனை தடவை கேட்டாலும் உன் வாயிலிருந்து வராது என்று தெரியும். உன் வேலையைக் குறை சொன்னால் வரும் என்றும் தெரியும். உன்னோடு ஒரு சங்கத்தை இத்தனை வருஷம் ஓட்டியதில் எனக்குக் கிடைத்த ஒரே பலன் அது.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். ஆயுத வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார் நீதிபதி. அவன் கேட்காமலே அடுத்தவர் மாற்றிக் கொடுத்தது, அது உதறினால் திறக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்றார். கத்தி ஏன் எடுத்துப் போனாய் என்பதற்குத் துக்க வீட்டுச் சமையல் நியாயமான காரணம்தான் என்றும் சொல்லிவிட்டார். விசா தப்பியது. கத்தியை மட்டும் திருப்பித் தரவில்லை. அழித்துவிடுவார்களாம்.

வெளியே வந்து லிசியாட்டே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுதால் வழியே அடைத்துக்கொள்கிறது. நான் தோளைத் தட்டினேன். அவன் முதலில் கேட்டது என்ன தெரியுமா? "பெரியவருக்கு என்ன ஆகும் பாஸ்?"

"தெரியாது, நீ அதை நினைக்காதே" என்றேன். ஏழு வாரம் அவனைத் தூங்கவிடாமல் செய்தவன் மேல் அவனுக்கு வந்த இரக்கம் எனக்கு வரவில்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான் இருக்கிறது. நீ ஒரு கோழை, கிளைவ். கர்வம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் முழுக்கோழை.

ரோண்டா

*

பெண்டிகோ
ஏப்ரல் 22

துணைத் தலைவி அவர்களுக்கு,

சங்கத்தின் பார்வைக்கு இந்தக் கோரிக்கையை வைக்கிறேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை போலீஸ் வந்தது. அனுமதி ரத்து. சேகரிப்பு முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். வெல்வெட் தட்டுகளைத் தனியாக வைத்துவிட்டு, கத்திகளை மட்டும் பழம் அடுக்குகிற பிளாஸ்டிக் கூடையில் கொட்டினார்கள். கொம்புக் கைப்பிடி போட்ட இத்தாலியக் கத்தி ஒன்று, எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் மார்கரெட் வாங்கிக் கொடுத்தது, அதுவும் அந்தக் கூடையில். ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் வாசல் வரை கேட்டுக்கொண்டே போனது. வந்த பையன் நல்லவன். "சாரி சார்" என்றான். நான் அவனிடம், "கொஞ்சம் துணி சுத்தி எடுத்துக்கப்பா" என்றேன். அவனிடம் துணி இல்லை. என்னிடம் இருந்தது, ஆனால் நான் எழுந்து எடுக்கவில்லை.

ஆயுதத்தை மாற்றியமைத்ததாக என் மேல் வழக்கு. ஜூன் மாதம் விசாரணை. நான் யாரையும் காயப்படுத்த எண்ணியதில்லை. ஒரு திருகைக் கால் சுற்று தளர்த்தினேன். அதற்காக எழுபத்தோரு வயதில் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறேன். கடையில் வாங்கிய சாதாரணக் கத்தியைக் கூட, நன்றாகப் பராமரித்தால், சட்டம் ஆயுதம் என்கிறது. இது அநியாயம் என்று சங்கம் உரக்கச் சொல்ல வேண்டும். என் வழக்கில் எனக்குத் துணையாக நிற்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

விதிப்படி கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

கிளைவ் ஸ்டானர்ட்

பின்குறிப்பு: தலைவர் பதவியிலிருந்து விலகுவதாகத் தனிக் கடிதம் இத்துடன். வழக்கு உள்ளவர் தலைவராக இருப்பது நன்றாயிராது.

*

ராபின்வேல்
மே 2

கிளைவ்,

உன் கோரிக்கைக்குப் பதில்: சங்கம் தனிநபர் வழக்குகளில் தலையிடுவதில்லை. இது நம் நெடுநாள் நிலைப்பாடு.

உன் பிப்ரவரிக் கடிதத்திலிருந்து அப்படியே எடுத்தேன். ஒரு புள்ளி கூட மாற்றவில்லை. இதை எழுதுவதற்காகவே ஒரு வாரமாகக் காத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் நினைத்த அளவு ருசியாக இல்லை.

இப்போது நேற்றைய கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கொட்டகை நிறைய ஆள். உன் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் எல்லோரும் பூட்ஸைப் பார்த்தார்கள். உன் மேசையைச் சுற்றி நின்று கைதட்டினவர்கள், உன்னிடம் கத்தி நீட்ட வரிசையில் நின்றவர்கள். வழிமொழிய ஒரு கை எழவில்லை. யாரோ பின்னாலிருந்து, "அவரு பாட்டுக்கு மாட்டிக்கிட்டாரு, நாமளும் மாட்டணுமா?" என்றார்கள். அந்தக் குரல் யாருடையது என்று தெரியும். உனக்குச் சொல்ல மாட்டேன்.

நான் கையைத் தூக்கினேன்.

உன் மேல் பிரியம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பிளாஸ்டிக் கூடையைப் படித்தபோது நெஞ்சை என்னவோ செய்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கை தூக்கியது அதற்காக இல்லை. உதறிப் பார்க்கிற சோதனை முட்டாள்தனம் என்றால் அது லிசியாட்டேயைப் பிடித்தாலும் முட்டாள்தனம், உன்னைப் பிடித்தாலும் முட்டாள்தனம். எனக்குப் பிடிக்காத ஆள் மாட்டிக்கொண்டான் என்பதற்காக அது நல்ல சட்டமாக ஆகிவிடாது. இதை எழுந்து நின்று சொன்னேன். சொல்லிவிட்டு என் கத்தியை எடுத்து எல்லோர் முன்னாலும் ஒரு உதறு உதறினேன். "இப்போ நானும் குற்றவாளி. உங்க பாக்கெட்டுல இருக்கறதையும் எடுத்து உதறிப் பாருங்கய்யா" என்றேன். யாரும் எடுக்கவில்லை. ஆனால் கைகள் மெதுவாக எழுந்தன. தீர்மானம் நிறைவேறியது. உன் பட்டன் கத்தி அனுமதி அதில் இல்லை. அது உன் பாடு. உதறல் சோதனையை நீக்கு என்பது ஒன்றுதான் சங்கத்தின் கோரிக்கை.

அடுத்து, சட்டமன்றக் குழு முன்னால் யார் போய்ப் பேசுவது என்ற கேள்வி வந்தது. லிசியாட்டேயைக் கேட்டார்கள். "எனக்கு கேமரா வேண்டாம் பாஸ், வேலைதான் வேணும்" என்று சொல்லிவிட்டு மிச்சமிருந்த கறியைச் சுடப் போய்விட்டான். என்னைக் கேட்டார்கள். நான் திட்டிவிடுவேன், காரியம் கெட்டுவிடும்.

ஆகவே நீ போகிறாய். தலைவராக இல்லை, உன் ராஜினாமாவை ஏற்றுக்கொண்டாகிவிட்டது, இனி நான்தான் தலைவி. நீ போவது பிடிபட்டவனாக. வழக்கு எண்ணைச் சொல்லி, கூடையைச் சொல்லி, கால் சுற்றுத் திருகைச் சொல்லி, "நான்தான் செய்தேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். யாரும் வாயைக் கிளறாமலே சொல்ல வேண்டும். பிடிபட்டவன் நம் சங்கத்தின் முகமாக இருக்க முடியாது என்று நீ எழுதினாய். நேற்று ஏகமனதாக உன் முகத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இருபத்தெட்டாம் தேதி, காலை பத்து மணி. டை கட்டிக்கொண்டு வா.

வாசலில் நான் நிற்பேன். கை குலுக்க மாட்டேன்.

இன்னொன்று. லிசியாட்டே புதுக் கத்தி வாங்கியிருக்கிறான். பழையதைப் போலவே இறுக்கமான கத்தி, திறக்க இரண்டு கையும் வேண்டும். அக்டோபரில் எண்ணெய் நாளுக்கு உன்னையும் கூப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். சரி, கூப்பிடுகிறேன். "பெரியவர் உன் கத்தியைக் கேட்டா என்னடா பண்ணுவே?" என்றேன். சட்டைப் பை பட்டனைப் போட்டுக்கொண்டே சொன்னான்:

"அவருக்குக் கறி குடுப்பேன் பாஸ். கத்தியைக் குடுக்க மாட்டேன்."

ரோண்டா